நாலு ஸ்லாட் போர்டு

12 மே, செவ்வாய்

கத்திரி வெயில். காலையிலேயே சுவர் சுடுகிறது. கம்ப்யூட்டர் செத்தது உறுதி. பிராசஸர் நலம், அது உட்காரும் மதர்போர்டுதான் போச்சு. ஞாயிற்றுக்கிழமைக்குள் கல்யாண ஆல்பம் கொடுக்காவிட்டால் ஸ்டுடியோக்காரர் வேறு ஆள் பார்ப்பார். பி.எஸ்சி. படித்துக் கிடைத்த ஒரே வேலை, யாரோ மாப்பிள்ளையின் முகப்பருவை அழிப்பது. அதுவும் போய்விடும்.

வாங்க: போர்டு, தெர்மல் பேஸ்ட், வெங்காயம்.

13 மே, புதன்

வடலூர். கம்ப்யூட்டர் கடை அண்ணன் என் பிராசஸரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நாலாவது ஜெனரேஷனா? சாவிக்கொத்துல மாட்டிக்கோம்மா."

எல்லாம் புதுசாக வாங்க வேண்டுமாம். வாங்க முடிகிறவள் சோப்பு டப்பாவில் பிராசஸரை ஏன் தூக்கிக்கொண்டு வருகிறாள்?

ஆறாவது ஜெனரேஷன் போர்டு ஒன்றை நீட்டினார். சாக்கெட்டே வேறு என்றேன்.

"லேசா அமுக்கினா உக்காந்துக்கும்."

"இது ஷேர் ஆட்டோ இல்லண்ணா."

பிறகு என் சாக்கெட்டுக்கே இரண்டு எடுத்துப் போட்டார். ஒன்று புதுசு, கேள்விப்படாத பெயர், மெமரிக்கான ராம் மாட்ட இரண்டே ஸ்லாட். இன்னொன்று பழசு, நாலு ஸ்லாட். என்னிடம் இருப்பது நாலு சின்ன ராம். இரண்டை மட்டும் மாட்டினால் ஆல்பம் திறப்பதற்குள் அந்தத் தம்பதிக்குக் குழந்தை பிறந்துவிடும். பழசையே எடுத்தேன். பில் கிடையாது. ஸ்லாட்டெல்லாம் கரித்தூசி.

அப்பா நிலக்கரிச் சுரங்கத்தில், கான்ட்ராக்டர் ஷெட்டில் கன்வேயர் ரோலர் மாற்றுகிறவர். நாலு ஸ்லாட்டின் பெருமையைப் பொறுமையாகக் கேட்டார். பிறகு தூசியைப் பார்த்தார்.

"வாயால ஊதிக்கினு இருந்தா போவாது. ஷெட்ல கம்ப்ரஸர் காத்து ஒரு அடி அடிச்சா பளிச்சுனு ஆயிடும்."

"தொடாதப்பா."

தலையாட்டினார்.

வெங்காயம் மறந்துவிட்டேன்.

14 மே, வியாழன்

தலையாட்டியது பொய். காலையில் போர்டு இல்லை. லுங்கியில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு போயிருக்கிறார்.

மாலை வெறுங்கை. ஷெட் கேட்டில் பிடுங்கிக்கொண்டார்களாம். ஷெட்டின் கன்ட்ரோல் பேனலில் கழற்றிய எலெக்ட்ரானிக் கார்டு என்று சந்தேகம். "விசாரிக்கிற வரைக்கும் வேலைக்கு வராத" என்றானாம் வாட்ச்மேன்.

உள்ளே போகும்போது பையை யாரும் பார்ப்பதில்லை. வெளியே வரும்போதுதான் நாம் திருடர்கள். சூப்பர்வைசர் கார் டிக்கியை இதுவரை எவனும் திறந்ததில்லை.

அப்பா சாப்பிடவில்லை. திட்டலாம் என்றிருந்தேன். முடியவில்லை.

15 மே, வெள்ளி

சோப்பு டப்பாவோடு கேட்டுக்குப் போனேன். அப்பா எனக்குப் பின்னால், ஸ்கூலில் மாட்டிக்கொண்ட பையன் போல.

"உன்னுதுன்னு என்னம்மா ப்ரூஃப்?" என்றார் சூப்பர்வைசர்.

அவர் மேஜையில் கிடந்த போர்டின் சாக்கெட்டில் பிராசஸரை வைத்தேன். சத்தமில்லாமல் உட்கார்ந்தது.

"அமுக்கவே இல்ல சார், பாத்தீங்கல்ல? இப்ப உங்க பேனலத் தொறந்து எந்தக் கார்டு காணோம்னு காட்டுங்க."

திறந்தார்கள். எல்லாம் அதனதன் இடத்தில். நேற்றே திறந்திருக்கலாம். அப்பாவின் பையைத் திறப்பது சுலபம்.

"சரி சரி, எடுத்துக்கினு போ. நாளைக்கு வேலைக்கு வந்துடுய்யா."

மன்னிப்பு அவ்வளவுதான்.

போர்டு உண்மையிலேயே பளிச்சென்றுதான் இருக்கிறது. அப்பாவிடம் சொல்லவில்லை. நாலு ராமும் மாட்டினேன். கம்ப்யூட்டர் நாலையும் காட்டியது. மாப்பிள்ளை பருக்களோடு பத்திரம்.

16 மே, சனி

ஆல்பம் முக்கால்வாசி. வெங்காயம் வாங்கியாச்சு.

அப்பா வேலையிலிருந்து சிரித்துக்கொண்டே வந்தார். கேட்டில் வாட்ச்மேன் கேட்டானாம், "இன்னிக்கி பையில இன்னாய்யா போர்டு?"

"டிபன் கேரியரு. நாலு ஸ்லாட்டு" என்றாராம் அப்பா.

சொல்லிவிட்டு, நாலையும் திறந்து காட்டினாராம்.