நட்சத்திரத்துக்குள் பெயர் கொள்ளாது

அன்புள்ள சின்னவளுக்கு,

நடு அண்ணன் எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம், அதுதான் பிரச்சினையே. யாருக்கும் உடம்புக்கு ஒன்றும் வராததால் வம்புக்கு நிறைய நேரம் இருக்கிறது. போனில் என் பெயரைப் பார்த்தால் நீ எடுப்பதில்லை. நானாக இருந்தாலும் எடுத்திருக்க மாட்டேன். அதனால்தான் இந்த மின்னஞ்சல்.

அடுத்த மாதம் கடைசி ஞாயிற்றுக்கிழமை குடும்பச் சந்திப்புக்குப் பெரியண்ணன் மண்டபம் பிடித்திருக்கிறார். அம்மாவுக்கு எழுபத்தைந்து வயது என்பது சாக்கு. பெரிய திரையில் அவரைப் பார்த்து நாம் கைதட்டுவதுதான் விசேஷம். குடியிருப்போர் சங்கத்துக்கு ஒரே ஒரு தடவை தலைவராக இருந்துவிட்டு, இன்றுவரை 'சேர்மன்' என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பவர். உனக்கு அழைப்பு அனுப்பவில்லை என்பதை அவரே பெருமையாகச் சொன்னார். "புருஷனை விட்டுட்டு வந்தவளுக்கு சபையில என்ன வேலை? லீவு கிடைக்கலன்னு சொல்லிக்கலாம்" என்றார். உன் புருஷனோடு ஒரு மாலைப்பொழுதைக்கூட முழுசாக உட்கார்ந்து கழிக்க முடியாமல் பாதியில் எழுந்து ஓடிவந்தவர் இவர்.

இணையப் பக்கங்களில் உறவுப் படம் போடுவது என் பிழைப்பு அல்லவா, அதை நம் குடும்பத்துக்கும் போடச் சொன்னார். ஒவ்வொரு ஆளும் ஒரு புள்ளி, உறவு ஒரு கோடு. ஒன்றை விரலால் பிடித்து இழுத்தால் அதோடு கட்டியவர்கள் ஆடி ஆடிப் பின்னால் வருவார்கள். ஒருவர்மேல் ஒருவர் விழாமல் தாமாகவே தள்ளி நிற்பார்கள். நம் சொந்தக்காரர்களைவிட அந்தப் புள்ளிகளுக்கு நாகரிகம் தெரியும்.

முதலில் எல்லோருக்கும் வட்டமே போட்டேன். சேர்மனுக்கு முகம் சுருங்கிவிட்டது. "என்னடா இது, நானும் நீயும் ஒரே சைஸ் பட்டனா?" என்றார். பிறகு அவரே உட்கார்ந்து வடிவம் பங்கிட்டார். பட்டம் வாங்கியவர்களுக்கு அறுகோணம், சொந்த வீடு உள்ளவர்களுக்குச் சதுரம், வாடகை வீட்டுக்காரர்களுக்கு வெறும் புள்ளி. ஆக நான் ஒரு புள்ளி, உன் அண்ணி பக்கத்தில் இன்னொரு புள்ளி. இருவரும் சேர்ந்து பாதியில் நின்றுபோன வாக்கியம் மாதிரி இருக்கிறோம். தகவல் கிடங்கைக் காட்டக் கணினிக்காரர்கள் ஒரு பீப்பாய் வடிவம் வைத்திருக்கிறார்கள். பெரிய அண்ணிக்கு அதைப் போட்டேன். "தகவலெல்லாம் பத்திரமா இருக்கிற இடம், அண்ணி" என்றதும் மகிழ்ந்து போனார்.

சேர்மனுக்கு நட்சத்திரம். அதில் ஒரு சிக்கல். வட்டத்திலும் சதுரத்திலும் பெயர் உள்ளே உட்காரும். நட்சத்திரத்துக்குள் பெயர் கொள்ளாது, அடியில்தான் தொங்கும். "என் பேரு ஏன்டா கால்ல கிடக்குது?" என்று கேட்டார். இருக்கிற வடிவம் போதாதென்றால் நாமே வரைந்துகொள்ளலாம். இங்கே தொடங்கு, அங்கே திரும்பு, வளை, மூடு என்று கணினிக்கு வரிவரியாகச் சொல்லவேண்டும். பெயர் நுழையுமளவுக்கு நட்சத்திரத்தின் வயிற்றை உப்பவைத்தேன். மிதிபட்ட பூசணிக்காய் மாதிரி வந்தது. கடைசியில் கேடயத்தில் வந்து நின்றோம். தங்க ஓரம், நடுவில் அவர் புகைப்படம், தலையில் முடி இருந்த காலத்தது. அதைப் பார்த்து அவருடைய மாப்பிள்ளையும் கேடயம் கேட்க, மாமனாரும் மருமகனும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். வீடு அமைதியாக இருந்தது. என் தொழிலால் நம் குடும்பத்துக்குக் கிடைத்த ஒரே நன்மை.

அப்புறம் உன்னிடம் வந்தோம். "அவளை எடுத்துடு" என்றார். எடுத்தேன். உடனே உன் மகள் கழன்று திரையின் மூலைக்குப் போய்விட்டாள். இந்தக் குடும்பத்தோடு அவளைக் கட்டியிருந்தது உன் வழியாகப் போகிற கோடுதான். டாக்டர் பெண் கழன்று போனால் சேர்மனுக்கு ஆகுமா? அந்தப் படத்தில் நிஜமாக எதையாவது சாதித்தவள் அவள் ஒருத்திதான். "சரி, தங்கச்சி இருக்கணும், ஆனா தெரியக் கூடாது. அப்படி ஒரு வடிவம் இருக்கா?" என்று கேட்டார். இருக்கிறது. ஒன்றுமே வரையாதே என்று சொன்னால் போதும். அதனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

போன ஞாயிறு அவர் வீட்டு டிவியில் ஒத்திகை. அம்மா ஆபரேஷன் செய்த முட்டியை நீட்டிக்கொண்டு முன்னால் உட்கார்ந்திருந்தாள். நம் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் நீ இருப்பது மற்றப் புள்ளிகளுக்குத் தெரியும். எல்லாம் உன்னைச் சுற்றி விலகி நின்றன. நடுவில் பெரிய காலி இடம். அம்மாவிடமிருந்து ஒரு கோடு போய் அங்கே நின்றது. அங்கிருந்து இன்னொரு கோடு புறப்பட்டு உன் மகளிடம் போனது.

"இங்க யாரு?" என்றாள் அம்மா. "அது டிசைன்மா" என்றார் சேர்மன். அம்மா என் மடியிலிருந்த டேப்லெட்டை வாங்கித் தன் வட்டத்தைப் பிடித்து இழுத்தாள். எல்லோரும் ஆடிக்கொண்டே வந்தார்கள், அந்தக் காலி இடமும் வந்தது. வழியில் நின்ற கேடயத்தை அது ஓரமாகத் தள்ளிவிட்டது. நான் சிரிக்கவில்லை, இருமினேன். "டிசைன்னா ஏன்டா என் கூடவே வருது?" என்று கேட்டாள். பெரிய அண்ணியின் கிடங்கில்கூட ஒரு தகவலும் இல்லை.

பிறகு சேர்மன் என்னைப் பால்கனிக்குத் தள்ளிக்கொண்டு போனார். "பொண்ணோட கோட்டைக் கழட்டி எங்கிட்ட கட்டிடு. தாய்மாமன், அப்பா மாதிரிதானே? அப்புறம் அவளை மொத்தமா எடுத்துடலாம், ஓட்டையும் தெரியாது" என்றார். உன் மகளின் பாடப் புத்தகத்தைப் பார்த்து "பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு எலும்பு எண்ணுற வேலை" என்று கேட்ட அதே வாய். பெற்றவளிடமிருந்து பிள்ளையைக் கழற்றித் தன் கேடயத்தில் பதக்கமாகக் குத்திக்கொள்ளப் பார்க்கிறார். திருடுகிறவனாவது ஆள் இல்லாத நேரம் பார்த்து வருவான், கூச்சம் இருக்கும்.

ஒரு வரி மாற்றினால் முடிகிற காரியம். இதுவரை மாற்றவில்லை. வலைத்தளத்தில் பராமரிப்பு நடக்கிறது என்று சொல்லிச் சமாளிக்கிறேன். ஆனால் நான் என்ன பெரிய வீரனா? அவர் குரலை உயர்த்தினால் மாற்றிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். நீ அந்த மண்டபத்தில் உன் மகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால்தான் இது நடக்காது. ஆள் கண்ணெதிரே இருக்கும்போது கோட்டைக் கழற்ற சேர்மனுக்கே கை வராது.

உனக்கு ஒரு வடிவம் வேண்டும். நான் யோசித்ததெல்லாம் உடைந்த வளையம், கண்ணீர்த்துளி என்று சேர்மன் புத்தியிலேயே போனது. வெட்கமாக இருந்தது, அழித்துவிட்டேன். நீயே ஒரு காகிதத்தில் கிறுக்கி அனுப்பு. எத்தனை கோணல் இருந்தாலும் கணினிக்கு நான் சொல்லிக் கொடுக்கிறேன்.

இன்னொன்று. உன்னைக் கேட்காமலேயே அம்மாவிடம் நீ வருகிறாய் என்று சொல்லிவிட்டேன். "உனக்குப் பொய் சொல்லக்கூட வராதுடா" என்றாள். ஆனால் மறுநாளிலிருந்து தன் நாற்காலியை வாசலைப் பார்த்துத் திருப்பிப் போட்டுக்கொள்கிறாள். பெரிய அண்ணி டிவி பக்கம் திருப்பி வைக்கிறார். இவள் அந்த முட்டியோடு எழுந்து மறுபடி திருப்புகிறாள். யாரிடமும் உதவி கேட்பதில்லை.

நீயும் உன் மகளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கவேண்டும். எந்த வண்டியில் வருகிறாய் என்று மட்டும் எழுது. ஸ்டேஷனுக்கு நான் வருகிறேன்.

உன் நடு அண்ணன்