உன் படத்துக்கு ஏற்றிய ஊதுபத்தி

காற்றைச் சுத்தம் செய்யும் மிஷினை மூட்டை கட்டி வைக்கலாமென்று இன்று காலை அதன் ஃபில்டரைக் கழற்றினேன். நாலே மாதத்தில் கறுத்துப்போயிருந்தது. முகர்ந்து பார்த்தேன், மல்லிகை ஊதுபத்தி வாசனை. உன் படத்துக்கு முன்னால் தினமும் ஏற்றினோமே, அதுதான், அண்ணா. கோபம் கோபமாக வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

நீ போய் எட்டு மாதம். அதற்குப் பிறகு பாப்பாவுக்கு இழுப்பு அதிகமாகிவிட்டது. திருவிடந்தையில் கடலை ஒட்டி வீடு. பட்டணத்துக்காரர்கள் காசு கொடுத்து அனுபவிக்க வருகிற காற்று நம் வாசலில் சும்மா வீசுகிறது. உள்ளே என் மகள் மூச்சுக்குத் தவிக்கிறாள். நானும் என்னென்னவோ செய்து பார்த்தேன். காற்று சுத்தமாகும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, பாட்டில் தண்ணீரில் மணி பிளான்ட் வைத்தேன். அதில் கொசு வந்தது. கொசுவுக்குச் சுருளை முன்னைவிடக் கூட்டிக் கொளுத்தினேன். சுருள் புகைக்காக இந்த மிஷினை வாங்கினேன். நீ இருந்திருந்தால் சிரித்தே என் மானத்தை வாங்கியிருப்பாய்.

ஈ.சி.ஆர். ரிசார்ட்டுகளுக்கெல்லாம் ஏசி மாட்டியவன் நீ. நம் வீட்டுக்கும் நீதான் மாட்டினாய். "ஏசி புதுக் காத்து கொண்டாராதுடா. உள்ள கீற காத்தையே சுத்தி சுத்தி வுடும். காலைல ஜன்னல தொற" என்றாய். சமையலறைச் சுவரில் ஓட்டை போட்டு எக்ஸாஸ்ட் ஃபேனும் வைத்தாய். குளிர் வெளியே போகிறதென்று நான் அதை அட்டை வைத்து அடைத்தேன். எல்லாம் தெரிந்தவன் மாதிரி நீ பேசுவது எனக்குப் பிடிக்காது. நீ சொன்னாய் என்பதற்காகவே பல நாள் ஜன்னலைத் திறக்காமல் இருந்திருக்கிறேன்.

பத்து நாளைக்கு முன்னால் செங்கல்பட்டில் டாக்டர், "வீட்ல என்னென்ன கொளுத்துறீங்க?" என்று கேட்டார். கொசுவத்தி, வெள்ளிக்கிழமை சாம்பிராணி என்றேன். மிஷின் வாங்கியிருப்பதையும் சொன்னேன். உன் ஊதுபத்தியைச் சொல்ல வாய் வரவில்லை. பாப்பாதான் சொன்னாள்.

"எங்க பெரியப்பாவுக்கு ஊதுபத்தி. காலைல, சாயங்காலம், நான்தான் ஏத்துவேன்."

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "மிஷின் அப்புறம் இருக்கட்டும். மொதல்ல புகைய நிறுத்துங்க, ஜன்னல தொறங்க" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் ஊதுபத்திக் கட்டைத் தூக்கி வெளியே போட்டேன். பாப்பா அழுதாள். "பெரியப்பா கோச்சிக்குவாரு."

"மாட்டாரும்மா. அவருக்கே பொக ஆவாது" என்றேன்.

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. நான் சுருள் கொளுத்தினால் நீ சோற்றுத் தட்டோடு வாசலுக்கு எழுந்து போவாய். "பொகைய மூட்டிகினு புள்ளைக்கு மூச்சு வாங்குதுன்றியே, இன்னா ஆளுடா நீ" என்பாய். அந்த உனக்குத்தான் இத்தனை மாதம் புகை போட்டிருக்கிறேன். அதுவும் அவள் கையால்.

எக்ஸாஸ்ட் ஃபேனை அடைத்த அட்டையைப் பிய்த்துப் போட்டுவிட்டேன். ஜன்னலைத் திறந்து, கொசுவுக்கு வலை அடித்தாயிற்று. உனக்கு இனி பூ மட்டும்தான். இதையெல்லாம் கேட்டுவிட்டு நீ என்னைத் திட்ட வேண்டும் போலிருக்கிறது. திட்ட ஆளில்லாததால் "இன்னா ஆளுடா நீ" என்று நானே எனக்குச் சொல்லிக்கொள்கிறேன்.

இப்போது மத்தியானம். உன் படத்துக்குக் கீழே பாயில் பாப்பா தூங்குகிறாள். இழுப்புச் சத்தம் இல்லை. அது இல்லாமல் அவள் தூங்கி எனக்குப் பழக்கமில்லை. இரண்டு முறை குனிந்து மூக்கருகே விரலை வைத்துப் பார்த்துவிட்டேன்.