சிட்டு கேரட் வாங்கிக்கொண்ட கதை

முதலிபாளையம்
நவம்பர் 2004

அன்புக் கண்ணு கவிப்பிரியாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, தங்கச்சி, உன் குதிரை சிட்டு எல்லோரும் சௌக்கியம், லூதியானாக் குளிரில் நீ காதை மூடிக்கொண்டு நலமாக இருக்கிறாயா? என் கண்ணாடி உடைந்துபோனதால் நான் சொல்லச் சொல்லத் தேஜஸ்ரீதான் எழுதுகிறாள். (அடைப்புக்குள் வருவதெல்லாம் என் கைச்சரக்கு, அக்கா. அம்மாவுக்குத் தெரியாது.)

இதுவரை நீயே ஊட்டிவந்தாய், நீ வேலைக்குப் போனபின் அப்பா ஊட்டப் போனால் சிட்டு அவரை அண்ட விடவில்லை. நான் கொடுத்தால் வாங்குவாள், அவர் கையை நீட்டினால் மட்டும் மூக்கைச் சுளித்துத் திரும்பிக்கொள்வாள். அவருக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்து, "எங்கையில ஒரு வாய் வாங்காத குதிரை எனக்கெதுக்கு, ஞாயித்துக்கெழமை யாவாரி கந்தப்பன் வந்தா புடிச்சுக் குடுத்துருவேன்" என்று சொல்லிவிட்டார். உன்னிடம் என்ன சொல்வதென்று எனக்குத் தூக்கமே இல்லை. ஆனாலும் அப்பாவே மனசு கேட்காமல் அவளுக்குத் தினம் ஏதாவது வாங்கிவந்தார். முதலில் லட்டு. மாட்டு டாக்டர் பார்த்துவிட்டு, "ஏனுங்க, மருமகனுக்கா விருந்து வெக்கிறீங்க, இனிப்பு ஆகாதுங்க, கேரட்டு, வெதை எடுத்த ஆப்பிளு, ரெண்டு துண்டு போதுமுங்க, வயிறு ரொம்பறதுக்குப் புல்லு இருக்குதுங்க" என்றார். அப்பா கேரட்டை வட்டவட்டமாக நறுக்கினார், அதற்கும் டாக்டர், "தொண்டையில அடைச்சுக்குமுங்க, நீட்டவாக்குல அரியோணும்" என்று திட்டினார். அப்படியே அரிந்தும் அவள் மசியவில்லை. (பின்னலாடை முதலாளி குதிரையின் பின்னால் ஆடி ஆடிப் போவதைப் பார்க்க, நம்ம கம்பெனியில் துணி வெட்டும் கட்டிங் அக்காக்கள் எல்லாம் ஜன்னலில் தொங்கினார்கள்.) சனிக்கிழமை கம்பெனியிலிருந்து வந்த கையோடு அவர் நீட்டிய கேரட்டை அவள் தள்ளிவிட, அதே தட்டிலிருந்து நான் ஒன்றை எடுத்து நீட்டினேன், கடுக்கென்று கடித்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் கையை இழுத்து மோந்து பார்த்தால், நிட்டிங் மிஷின் ஆயில்! கல்யாணமான நாளிலிருந்து அந்த வாடையோடு குடித்தனம் பண்ணி என் மூக்கு பழகிவிட்டது, அவளுக்கு என்ன தலையெழுத்து. சீயக்காய் போட்டு முழங்கை வரை தேய்த்துக் கழுவ வைத்தேன். விரலை மடக்காமல் உள்ளங்கையைத் தட்டு மாதிரி விரிக்கச் சொன்னேன். சிட்டு மோந்தாள், யோசித்தாள், உதட்டாலேயே மெல்ல எடுத்துக்கொண்டாள். "கூசுது புள்ளே, கூசுது" என்று அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டார் ஓடிவந்துவிட்டார்கள். (குதிரை நின்றது, அப்பா குதித்தார்.)

மறுநாள் கந்தப்பன் வண்டியோடு வந்து நின்றார். அப்பா கேட்டை மறித்துக்கொண்டு, "அவ ஊட்டுல இல்லீங்க" என்றாரே பார்க்கலாம். சொல்லி வாய் மூடவில்லை, அவர் தோளுக்கு மேலே சிட்டு தலையை நீட்டிக் கந்தப்பனைப் பார்த்தாள். அவரும், "செரீங்ணா, வந்தா நான் கேட்டேன்னு சொல்லுங்க" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

நேரத்துக்குச் சாப்பிடு சாமி, நோய்நொடி இல்லாமல் நூறு வருசம் நல்லா இரு. போனில் அப்பாவிடம் விற்கிற பேச்சை மட்டும் எடுத்துவிடாதே, அப்படி ஒரு நினைப்பே தனக்கு வந்ததில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

உன் அம்மா
ஞானாம்பாள்