நடுக் கண்ணாடி

ஜூன் 13, சனி

எல்லோரும் தூங்கியாயிற்று. போர்வைக்குள் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு எழுதுகிறேன்.

நடுக் கண்ணாடி உடைந்துவிட்டது.

ஆலயத்து மணிக்கோபுரச் சுவரில் என் உயரத்துக்கு ஒரு விரிசல். போன மாதம் பொறியாளர் வந்து, விரிசலுக்குக் குறுக்கே மூன்று கண்ணாடித் துண்டுகளைச் சாந்து வைத்து ஒட்டி, ஒவ்வொன்றிலும் தேதி கீறினார். "சுவர் நகர்ந்தா முதல்ல கண்ணாடிதான் உடையும். உடைஞ்சா அன்னிக்கே ஆலயத்தைப் பூட்டிடணும்" என்றார். சனிக்கிழமைதோறும் பார்த்து நோட்டில் எழுதுவது ஆலயக் காவலரான அப்பாவின் பொறுப்பு. ஆனால் ஆறு மாதமாக அப்பாவுக்குக் கண்ணில் புகை மூடினாற்போல இருக்கிறது. வெளியே தெரிந்தால் வேலை போய்விடும். அதனால் பார்ப்பதும் எழுதுவதும் நான்தான்.

எங்கள் வீடு கோபுரத்தின் காலடியில். ஆலயத்தைப் பூட்டினால் வீட்டையும் பூட்டுவார்கள். மறுபடியும் மாமா வீட்டுக் கூடத்திலா? "வந்தாச்சா, மூட்டை முடிச்சோட?" என்று மாமி கேட்பது இப்போதே காதில் விழுகிறது.

"எப்படிம்மா இருக்கு?" என்றார் அப்பா.

"மூணும் நல்லா இருக்குப்பா."

நோட்டிலும் அதையே எழுதினேன்.

ஜூன் 14, ஞாயிறு

கோபுரத்துக்கு நேர் கீழேதான் ஞானஸ்நானத் தொட்டி. அதைச் சுற்றிப் பாடகர் குழுப் பிள்ளைகள் நாங்கள். அப்பா மணியை இழுக்க இழுக்க என் தோளில் சுண்ணாம்புத் தூள். "ஐயே, உனக்குப் பொடுகுடி!" என்று தவளை கிண்டல் செய்தாள். வாய் ஓயாதவள், அதனால்தான் அந்தப் பெயர். நானும் சிரித்தேன். எப்படிச் சிரித்தேன்?

ஜூன் 16, செவ்வாய்

நாளைக்குப் பொறியாளர் வருகிறாராம். அப்பா அம்மா கல்யாணப் படத்தின் சட்டத்தில் ஏற்கெனவே மூலை உடைந்த கண்ணாடி இருந்தது. அதிலிருந்து ஒரு துண்டை எடுத்து, கைவேலை வகுப்புச் சாந்தால் ஒட்டிவிட்டேன். காம்பஸ் முனையால் தேதி கீறினேன். முனை வழுக்கி ஒரு கோடு இழுத்துக்கொண்டு போய்விட்டது.

ஜூன் 17, புதன்

பொறியாளர் எட்ட நின்றே பார்த்தார். "பரவால்லையே, சுவர் நல்லாத் தூங்குது" என்றார்.

அப்பாவின் கட்டைவிரலில் துணிக்கட்டு. ரொட்டி அறுக்கும்போது பட்டுவிட்டதாம்.

ஜூன் 19, வெள்ளி

குருவானவர் அங்கி மாற்றும் அறையில் தூசி தட்டும்போது பழைய பதிவேடு ஒன்று கிடைத்தது. முதலில் நடுக்கூடம் மட்டும்தான் கட்டியிருக்கிறார்கள், செங்கல்லால். கோபுரம் முப்பத்தொரு வருடம் கழித்து, கருங்கல்லில், தூர்த்த குளத்தின் மேல். அன்றைய குருவானவரின் கையெழுத்தில் இருக்கிறது: 'மண் இறுக இரண்டு மழைக்காலம் பொறுக்கும்படி கொத்தனார் சொன்னார். பிஷப் வரும் நாள் குறித்தாகிவிட்டபடியால் பொறுக்கவில்லை.'

விரிசல் விட்டிருப்பது கூடமும் கோபுரமும் சேரும் அதே இடம். அந்தக் கொத்தனார் ஏன் கத்தவில்லை? ஒருவேளை அவருக்கும் வேறு வீடு இல்லையோ.

ஜூன் 24, புதன்

என் கண்ணாடியும் உடைந்துவிட்டது. எட்டே நாள்.

வருகிற ஞாயிறு அக்கா குழந்தைக்கு ஞானஸ்நானம். அதே தொட்டி. அப்பா மணியை நிறுத்தாமல் அடிப்பார், பேரனாயிற்றே. "நீதான்டி அவனைத் தூக்கிக்கிட்டு நிக்கணும்" என்றாள் அக்கா.

ஆண்டவரே, இன்றைக்கே மழை பெய்து எல்லாருக்கும் காய்ச்சல் வரட்டும். எனக்கு மட்டுமாவது வரட்டும். என்ன ஜெபம் இது!

ஜூன் 26, வெள்ளி

சொல்லிவிட்டேன். அப்பாவிடம் மட்டும்.

திட்டவில்லை. கட்டைவிரல் கட்டைப் பிரித்துக் காட்டினார். "தினம் தடவிப் பார்ப்பேன்டா. இன்ஜினியர் வெச்சது ஓரம் வழவழன்னு இருக்கும். உன்னுது அறுத்துடுச்சு."

"அப்ப ஏம்பா சொல்லல?"

"நீ ஏன் சொல்லல?"

ரெண்டு பேரும் அழுதோம். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு குருவானவர் வீட்டுக்கு அவரே போனார். என்னை வரவேண்டாம் என்றார்.

ஜூன் 28, ஞாயிறு

நேற்றே ஆலயத்தைப் பூட்டிவிட்டார்கள். மூட்டை முடிச்சோடு மாமா வீடு. குழந்தைக்குப் பள்ளிக்கூட ஹாலில் ஞானஸ்நானம், ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில். தண்ணீர் பட்டதும் வீறிட்டான்.

நேற்று பொறியாளர் கேட்டார்: "நடுவுல இருந்தது என் கண்ணாடி இல்லையே. யார் வேலை இது?"

"நான்தாங்க" என்றார் அப்பா.

நான் பக்கத்திலேயே நின்றேன். வாய் திறக்கவில்லை. அங்கேயே அப்பாவை வேலையைவிட்டு நிறுத்தினார்கள்.

ஜூன் 30, செவ்வாய்

தூக்கமில்லை.

ஜூலை 2, வியாழன்

பள்ளி விட்டதும் குருவானவரிடம் போனேன். "ஐயா, கண்ணாடிய மாத்தினது நான்" என்றேன்.

அவர் என்னைப் பாவமாகப் பார்த்தார். "அப்பா முந்தியே சொல்லிட்டாரும்மா. 'எம் பொண்ணு வந்து பழியத் தன் மேல போட்டுக்குவா, நம்பாதீங்க'ன்னு."

அழுகையே வந்துவிட்டது. கையில் மிச்சம் ஒன்றுதான் இருந்தது. யாரிடமும் சொல்லாதே என்று அப்பா சொல்லியிருந்த விஷயம்.

"அப்பாவுக்கு ஊசியில நூல் கோக்கவே கண்ணு தெரியாதுங்கய்யா. அம்மாம் பொடி எழுத்த எப்படிக் கீறியிருப்பாரு?"

குருவானவர் மேசை இழுப்பறையிலிருந்து அந்தத் துண்டை எடுத்தார். இழுத்துக்கொண்டு போன கோட்டை வெகுநேரம் பார்த்தார். "எத்தனை நாளா?" என்றார். கண்ணாடியைப் பற்றிக் கேட்கவில்லை.

நாளை காலை ஏழு மணிக்குக் கண் ஆஸ்பத்திரி. குருவானவர் கூட வருகிறார். வேலை? அதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

இன்று போர்வைக்குள் எழுதவில்லை. கூடத்தில், எல்லார் முன்னாலும். அப்பா சாயங்காலத்திலிருந்து என்னோடு பேசவில்லை. கொஞ்சம் முன்னே வந்து, தடவித் தடவி மேசை விளக்கைக் கண்டுபிடித்து என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுப் போனார்.