எத்தியோப்பியா ஞாயிறு

சிக்னெட், டாஸ்மேனியா
11 நவம்பர் 2019

ஹெஸ்டருக்கு,

பதினோரு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். உறையின் மேல் என் கையெழுத்தைக் கண்டு, எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பதற வேண்டாம். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. பத்திரிகையில் உன் பேட்டியைப் படித்தேன், அவ்வளவுதான்.

அரைப் பக்கம். நீயும் உன் கணவர் கிளைவும் ஆளுக்கொரு கரண்டியோடு பல்லைக் காட்டும் படம். 'அட்லஸை வரிசையாகச் சாப்பிடும் அல்வர்ஸ்டன் குடும்பம்.' மாதத்தின் முதல் ஞாயிறுதோறும், ஆங்கில அகரவரிசைப்படி, ஒரு நாட்டின் சமையல். ஆப்கானிஸ்தானில் தொடங்கி இப்போது யேமன் முடிந்தது. டிசம்பரில் ஜாம்பியா, ஜனவரியில் ஜிம்பாப்வே, அத்தோடு அட்லஸ் காலி. எல்லாம் சரி. இந்த யோசனை எப்படி வந்தது என்று அந்த நிருபர்ப் பெண் கேட்டதற்கு நீ சொன்ன பதில்: "யாருக்கோ தோணுச்சு, ஆரம்பிச்சோம்."

அந்த யாரோ நான்தான், ஹெஸ்டர். அம்மாவின் ஆட்டுக்கறி ரோஸ்ட்டை எத்தனையாவது ஞாயிறாகவோ மென்றுகொண்டிருந்தபோது, என் அட்லஸைக் கொண்டுவந்து மேசையில் வைத்தவன் நான். சாப்பிட்டதும் ஆளுக்கொரு சீட்டில் தீர்ப்பு எழுதி, பெயர் போடாமல் பிஸ்கட் டப்பாவில் போட வேண்டும், அம்மா ஒவ்வொன்றாகப் படிக்க வேண்டும் என்று விதி வகுத்தவனும் நான். ஆஸ்திரேலியாவின் முறை வந்தபோது கடையில் வாங்கிய, கறி அடைத்துச் சுட்ட 'மீட் பை' ஒன்றைத் தட்டில் வைத்து "சமைச்சாச்சு" என்ற உன் கணவர் அல்ல.

இன்னொன்று. பராகுவே சூப்பைக் கிண்ணத்தில் ஊற்றிக் குடித்தோம் என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறாய். அது பெயரில் மட்டும்தான் சூப். சோளமாவும் பாலாடைக்கட்டியும் வெங்காயமும் சேர்த்துச் சுடுகிற ரொட்டி அது. கத்தியை நடுவில் விட்டு எடுத்தால் ஒட்டாமல் வர நாற்பது நிமிடமாவது ஆகும். முப்பத்தைந்தில் எடுத்தால் நடுப்பகுதி வேகாது.

என் அட்லஸ் இன்னும் உன் வீட்டில்தான் இருக்கிறது என்பதையும் நினைவூட்டுகிறேன். கிளைவிடம் என் துளைபோடும் இயந்திரமும்.

டூகல்


அல்வர்ஸ்டன்
18 நவம்பர்

அன்புள்ள டூகி,

தபால்பெட்டியடியிலேயே நின்று உன் கடிதத்தைப் பிரித்துவிட்டேன். "யாரு செத்தா?" என்று கிளைவ் வாசலிலிருந்து கத்தினார். "சாகலை, ஒருத்தன் பொழைச்சு எழுந்திருக்கான்" என்றேன். அம்மாவுக்கு இரண்டு முறை படித்துக் காட்டினேன். "திட்டுற இடத்தை மறுபடி படி, அப்பதான் அவன் குரல் கேக்குது" என்றாள்.

அந்த நிருபரிடம் முதலில் உன் பெயரைத்தான் சொன்னேன். பிறகு நானே அதை எடுத்துவிடச் சொன்னேன். உன் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு நான் அனுப்பிய அட்டையில் 'இப்படி ஒருவர் இங்கே இல்லை' என்று உன் கையாலேயே எழுதித் திருப்பி அனுப்பினாயே, நினைவிருக்கிறதா? இல்லாத ஆளின் பெயரை எப்படிப் பத்திரிகையில் போடுவது?

சூப் விஷயத்தில் நீ சொன்னது சரி. கிளைவ் அதை உறிஞ்சிக் குடித்துவிட்டு, "இவங்க நாட்டுல பல்லே இல்லாதவங்க நிறைய போல" என்றார். ஆனால் எனக்கு ஒரு சந்தேகம். முப்பத்தைந்து நிமிடத்தில் எடுத்தால் நடுவில் வேகாது என்று உனக்கு எப்படித் தெரியும்?

ஜனவரி ஐந்து, ஜிம்பாப்வே. கடைசி நாடு. ஆரம்பித்தவன் இல்லாமல் முடித்தால் அது முடிந்ததாக ஆகாது. வா. அம்மா உன் நாற்காலியில் இன்னும் யாரையும் உட்கார விடுவதில்லை. பூனை மட்டும் விதிவிலக்கு.

உன் ஹெஸ்டர்


சிக்னெட்
25 நவம்பர்

ஹெஸ்டருக்கு,

நாற்பது நிமிடம் என்பது புத்தகத்தில் படித்தது.

வா என்று இவ்வளவு சுலபமாக எழுதுகிறாய். 2008 ஜூலை ஆறாம் தேதியை நீ மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை. பதினேழு வருடம் புவியியல் கற்பித்து, மூன்று முறை துறைத் தலைவர் பதவியைக் கைநழுவ விட்ட நான், அந்த வருடம் மனைவியும் பிரிந்து போன பிறகு, முதன்முதலாக ஆசையோடு செய்த காரியம் அந்த எத்தியோப்பியச் சாப்பாடுதான். டெஃப் என்ற அந்த ஊர்த் தானியத்தின் மாவை மெல்பர்னிலிருந்து வரவழைத்தேன். நம் ஊர் ஜூலைக் குளிரில் அது புளிக்க மறுத்தது. வாளியை ஹீட்டர் பக்கத்தில் வைத்து, என் கம்பளிச் சட்டையைச் சுற்றி, ஐந்து நாளும் குழந்தையைப் போலப் பார்த்துக்கொண்டேன். தோசை போன்ற அந்தப் புளித்த ரொட்டி, இஞ்செரா, இருபது சுட்டு, துணியில் சுற்றி, நாலரை மணி நேரம் ஓட்டிக்கொண்டு உன் வீட்டுக்கு வந்தேன்.

அம்மா டப்பாவைத் திறந்து முதல் சீட்டைப் படித்தாள். 'கார் கழுவுற பஞ்சு மாதிரி இருக்கு.' மேசையே சிரித்தது. கிளைவுக்குப் புரை ஏறியது. சீட்டை அம்மா கையிலிருந்து வெடுக்கென்று பிடுங்கி ஏப்ரன் பைக்குள் திணித்தாய். யார் எழுதியது என்று கேட்டேன். "நான்தான் எழுதினேன், இப்ப என்னங்கற?" என்றாய்.

ஒரு மன்னிப்பு கேட்டிருந்தால் போதும். நீ கேட்கவில்லை. அந்தச் சீட்டை இன்னும் வைத்திருந்தால் அனுப்பு. அதைப் பார்த்தபடி இப்போதாவது ஒரு வரி எழுது. பிறகு ஜிம்பாப்வேயைப் பற்றிப் பேசலாம்.

டூகல்


அல்வர்ஸ்டன்
4 டிசம்பர்

அன்புள்ள டூகி,

ஞாயிற்றுக்கிழமை ஜாம்பியா முடிந்தது. வெள்ளைச் சோளமாவுக் களியும் கீரையும். ஜிம்பாப்வேக்கும் கிட்டத்தட்ட அதே களிதான் என்று தெரிந்ததும், "மிச்சத்தை ஃபிரீசர்ல போட்டா அடுத்த மாச வேலையும் முடிஞ்சுது" என்று கிளைவ் குதித்தார். அம்மா கரண்டியால் ஒன்று வைத்தாள்.

உன் மகள் பிரையனியும் வந்திருந்தாள். பர்னியில் நர்சிங் படிக்க வந்ததிலிருந்து எப்போதாவது எட்டிப் பார்க்கிறாள் என்பது உனக்குத் தெரியாது. கோபிக்காதே. உன் கடிதத்தை அவளிடம் காட்டினேன். படித்துவிட்டு மடித்து என் கையில் வைத்தாள். பிறகு, "போதும் அத்தை, அனுப்பிடுங்க" என்றாள்.

அதனால் நீ கேட்ட சீட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். முதலில் கையெழுத்தைப் பார்.

பார்த்தாயா? பென்சில். கோணல் எழுத்து. பிரையனிக்கு அப்போது எட்டு வயது. அன்று மேசையில் நீ சொன்ன இன்னொரு வாக்கியத்தை உன் கடிதத்தில் எழுத மறந்துவிட்டாய். யார் எழுதியது என்று கேட்பதற்கு முன்னால், "இதை எழுதினவங்களோட இனி ஒரே மேசையில உக்காந்து சாப்பிட மாட்டேன்" என்று தட்டைத் தள்ளினாய். உன் முழங்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த குழந்தையின் முகம் சுண்ணாம்பாக வெளுத்ததை நான் பார்த்தேன். அவள் அம்மா வீட்டை விட்டுப் போய் ஆறு மாதம்கூட ஆகவில்லை. நான் வேறு என்ன செய்திருக்க முடியும்? நீ காரைக் கிளப்பப் போனபோது அவள் என் ஏப்ரனைப் பிடித்துக்கொண்டு, "அப்பாகிட்ட சொல்லாதீங்க அத்தை" என்றாள். சொல்லவில்லை.

மன்னிப்பு கேட்கச் சொல்கிறாய். சரி, ஒன்றுக்குக் கேட்கிறேன். பிடுங்கிய அவசரத்தில் நான் சீட்டைத் திருப்பிப் பார்க்கவில்லை. அன்றிரவு ஏப்ரனைத் துவைக்கப் போடும்போதுதான் பின்பக்கத்தைப் பார்த்தேன். உன்னைத் தொலைபேசியில் கூப்பிட்டேன், நீ வைத்துவிட்டாய். மூன்று கடிதம் போட்டேன், மூன்றும் பிரிக்காமல் திரும்பி வந்தன.

இப்போது நீ திருப்பிப் பார்.

உன் ஹெஸ்டர்

பி.கு: பராகுவே ரொட்டியை முதல் தடவை முப்பத்தைந்து நிமிடத்தில் எடுத்துப் பாழாக்கினாயாம். இந்தியா வந்தபோது தோசைக்கு மாவு புளிக்க வைத்து, ஆறு தோசை கல்லில் ஒட்டி, ஏழாவது வட்டமாக வந்ததும் சமையலறையில் ஆடினாயாம். ஒவ்வொரு முதல் ஞாயிறும் நாங்கள் எந்த நாடோ அந்த நாடு உன் அடுப்பிலும். பிரையனி எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். புத்தகத்தில் படித்தவனே!


சிக்னெட்
27 டிசம்பர்

அன்புள்ள ஹெஸ்டர்,

மூன்று வாரமாகப் பதில் எழுதாததற்குக் காரணம் கோபம் இல்லை. பழக்கப்பட்ட கோபத்தை வைக்க இடம் தெரியாமல் வீட்டுக்குள் அலைந்துகொண்டிருந்தேன். அதற்குள் தோட்டத்துச் செர்ரியெல்லாம் பறவைகளுக்குப் போய்விட்டது.

கிறிஸ்துமஸுக்குப் பிரையனி வந்தாள். சாப்பாடு முடிந்ததும் சீட்டை அவள் தட்டின் பக்கத்தில் வைத்தேன். எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது என்று இரண்டு நாளாக ஒத்திகை பார்த்திருந்தேன். அதற்கு வேலையே இருக்கவில்லை. அவள்தான் சீட்டைப் பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள்.

"எழுதினவங்களோட ஒரே மேசையில உக்கார மாட்டேன்னீங்க. அப்புறம் பதினோரு வருஷமா என்கூட மட்டும்தான் உக்காந்து சாப்பிட்டிருக்கீங்கப்பா!"

"நீ சொல்லியிருக்கலாமே."

"எப்ப சொல்றது? மாசாமாசம் அத்தையைத் திட்டிக்கிட்டே பரிமாறுவீங்க. சாப்பாடு வேற நல்லா இருக்கும். வாயில வெச்சுட்டு எப்படிப் பேசறது?"

சிரிப்பு நின்றதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நெஜமாவே பஞ்சு மாதிரிதான்பா இருந்துச்சு" என்றாள். இருந்தது. நானே அதை ஒத்துக்கொள்கிறேன். இஞ்செரா பஞ்சு மாதிரி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் குழம்பை எது உறிஞ்சும்? நான் பாடுபட்டதே அந்தப் பதத்துக்குத்தான். அதைச் சரியாகச் சொன்ன ஒரே ஆள் என் மகள். அவளுக்குப் பதிலாகத் திட்டு வாங்கிய ஆள் நீ.

சீட்டின் பின்பக்கத்தை இந்த மூன்று வாரத்தில் எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் கிளைவ் ஆயுசுக்கும் கேலி செய்வார். 'ஆனா எனக்கு இன்னும் ரெண்டு வேணும்.' அன்று மீதி பதினாறு இஞ்செராவையும் துணியோடு சுருட்டி வழியில் ஒரு குப்பைத்தொட்டியில் போட்டேன், ஹெஸ்டர். இரண்டு கேட்ட குழந்தை காரின் பின்னிருக்கையில் பசியோடு தூங்கிக்கொண்டிருந்தது.

செவ்வாய்க்கிழமை மாவு கரைக்கிறேன். இது கோடைக்காலம், வாளிக்குச் சட்டை போட வேண்டியதில்லை. ஐந்தாம் தேதி காலையில் பிரையனி காரை ஓட்டுவாள். வாளியை நான் மடியில் வைத்துக்கொள்வேன். புளித்த வாடைக்கு இப்போதே ஜன்னலைத் திறந்துவைப்பதாக மிரட்டியிருக்கிறாள். ஜிம்பாப்வே களியை நீ கிண்டு. எத்தியோப்பியாவை அன்று நாம் முடிக்கவே இல்லை, அதையும் அன்றைக்கே முடித்துவிடலாம். நாற்காலியிலிருந்து பூனையை இறக்கி வை. துளைபோடும் இயந்திரத்தைக் கிளைவே வைத்துக்கொள்ளட்டும். அட்லஸை மட்டும் நான் பார்க்க வேண்டும்.

பத்திரிகைக்காரிக்குத் திருத்தம் எதுவும் அனுப்பாதே. யாருக்கோ தோன்றியது என்றே இருக்கட்டும்.

கீழே பெயர் எழுதப் பேனாவைக் கொண்டுபோனேன், பிறகு நிறுத்திவிட்டேன். இந்தக் கடிதத்தை நீ படித்ததும் மடித்து டப்பாவில் போடு. ஞாயிற்றுக்கிழமை அம்மா எடுத்துப் படிக்கட்டும், இரண்டு பக்கமும். டப்பாவுக்குள் விழுகிற எதிலும் பெயர் இருக்கக் கூடாது என்பது நான் வகுத்த விதி. அதை நானே மீறக் கூடாது. அதனால் கையெழுத்துப் போடாமலே இதைத் தபாலில் சேர்க்கிறேன்.