ஓர் இலை, ஓர் இழை

அன்புள்ள குட்டிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், அந்த மட்டில் சுகம்தான். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போய்வருகிறாய் என்று நம்பிக்கொள்கிறேன். போனில் சொல்லலாமே என்பாய். நான் போனை எடுத்தாலே உன் அப்பா எழுந்து தையல் அறைக்குள் போய்விடுகிறார், அதற்குப் பிறகு எனக்கும் பேச்சு ஓடுவதில்லை, அதனால்தான் கடிதம்.

போன வருஷக் கடைசி விடுமுறையில் எல்லோரும் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தபோது நீ போனில் சொன்னதை அவர் இன்னும் மறக்கவில்லை. நீ படித்தவள், நீ சொன்னது சரியாகத்தான் இருக்கும். தூரதேசம் போனவனுக்கு வீட்டிலிருப்பவள் உடுப்புத் தைத்து, அவன் வரும்வரை ஓர் இழையை மட்டும் முடிச்சுப் போடாமல் விட்டாள் என்பதுதான் அப்பா ஒவ்வொரு விடுமுறைக்கும் சொல்லும் அந்தப் பழைய பாட்டாம். இவரோ தொழில் பழகிய கடையில், அத்தனை மிஷின் சத்தத்துக்கு நடுவே ரேடியோவில் கேட்டு, இழையை இலை என்று காதில் வாங்கிவிட்டார். அந்த ழ அவர் காதுக்கும் பிடிபடாது, நாக்குக்கும் பிடிபடாது. ஆனால் அந்தத் தப்பில்தானே நம் வீட்டு விடுமுறையே நடந்தது. அவர் பாட்டைச் சொல்லி முடித்ததும், வீட்டில் இல்லாதவருக்கு ஒரு தட்டு வைத்து அதில் ஓர் இலை வைப்போம். அண்ணன் விடுதியிலிருந்தபோது அவனுக்கு, சித்தப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவருக்கு. திரும்பி வந்தவர் தன் இலையைத் தானே எடுத்துப் போட வேண்டும், அதுவரை அது மிஷின் இழுப்பறையில் இருக்கும். ஒரு வருஷம் சித்தி வேறெதுவும் கிடைக்காமல் காலிஃபிளவர் இலையை வைத்து, அது இழுப்பறைக்குள் கிடந்து நாறி, வக்கீல் வீட்டு ஜாக்கெட் துணியெல்லாம் அந்த வாடை அடித்தது நினைவிருக்கிறதா. தையல்காரர் வீட்டிலேயே இழை இலையாகிப் போச்சா அப்பா என்று நீ கேட்டதும் புது மருமகள் உட்பட எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் மட்டும் தட்டிலிருந்த உன் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த வருஷம் தட்டும் வேண்டாம், பாட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். போதாக்குறைக்கு இழுப்பறையைத் துடைத்து உன் இலையையும் குப்பையில் போட்டுவிட்டார். பெற்ற பெண்ணுக்கு இப்படிச் செய்வார்களா என்று கத்தியே விட்டேன், அவர் இழுப்பறையை மூடிவிட்டு மிஷினை மிதிக்க ஆரம்பித்தார். கை வேறு நடுங்குகிறது. ஊசியில் நூல் கோக்க என்னைக் கூப்பிடுகிறார், அதுவும் தானே முயன்று முயன்று எச்சில் வற்றிய பிறகு. இது குறையாது, கூடாமல் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார் டாக்டர். வக்கீல் வெட்டக் கொடுத்த துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விட்டார், அன்றைக்கு இவர் சாப்பிடவே இல்லை. நீயோ லீவு கிடைக்காது, வர முடியாது என்று அண்ணனிடம் சொன்னாயாம். நிஜமாகவே லீவு இல்லையா, அப்பா முகத்தைப் பார்க்கத் தயக்கமா என்று நினைத்து நினைத்து எனக்குத் தூக்கம் போயிற்று.

நேற்று தையல் அறையைப் பெருக்கப் போனேன். ஆணியில் ஒரு கம்பளிக் கோட்டு தொங்கியது, உன் அளவு. எனக்குத் தெரியாமலே தைத்திருக்கிறார். தையல் அங்கங்கே கோணல், அவர் கையில் அப்படி வந்து நான் பார்த்ததே இல்லை. கீழ் மடிப்பில் ஒரு நூல் நீளமாகத் தொங்கியது. பிசிறு என்று நினைத்துக் கத்தரிக்கோலை எடுத்தேன். ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, அதை வெட்டாதே, அது இளை என்றார். நாக்கை மடக்கித்தான் பார்த்தார் பாவம், அப்படித்தான் வந்தது.

கோட்டைப் பார்சலில் அனுப்பட்டுமா என்று கேட்டேன், வேண்டாம், இங்கேயே இருக்கட்டும் என்றார். உன் மேலதிகாரியிடம் இன்னொரு தடவை கேட்டுப் பார், கண்ணு. உடம்பைப் பார்த்துக்கொள், நீ நன்றாக இருக்க வேண்டும், எப்போதும் உனக்கு எங்கள் ஆசி உண்டு. வந்தால் ஒன்றை மட்டும் மறக்காதே. அந்த வார்த்தையை அவர் எப்படிச் சொன்னாலும் இந்தத் தடவை திருத்தாதே.

உன் வரவுக்குக் காத்திருக்கும்,
அம்மா