மாதுளம்பூ மூடி

12.10.2025
கம்மல் தேடுகிறேன் என்று மகள் ருக்ஷானா பீரோவைக் கலைத்தாள். மாமியாருடைய மூக்குப்பொடி டப்பி வெளியே வந்தது. வெள்ளி. மூடியில் மாதுளம்பூக் கொடி, நடுவில் பச்சைக்கல். “இன்னாம்மா இது, இவ்ளோ அழகா கீது!” உடனே போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் போட்டுவிட்டாள்.

13.10.2025
மூங்கில்துறைப்பட்டிலிருந்து ஜெய்த்தூன் அண்ணி, என் வீட்டுக்காரரின் அக்கா, ருக்ஷானாவுக்கு வாய்ஸ் அனுப்பியிருக்கிறார். “டப்பி கறுத்துப் போச்சே. புளி போட்டுக் கழுவச் சொல்லு உங்கம்மாவ.”

மாமியார் மௌத்தாகி ஆறு வருஷம். அந்த நாற்பதாம் நாளுக்கப்புறம் இன்றுதான் அண்ணியின் குரலைக் கேட்கிறேன். கடைசிக் காலத்தில் மாமியார் டப்பியை என் கையில் கொடுத்தது அண்ணிக்குப் பொறுக்கவில்லை. நாற்பதாம் நாள் பாத்திஹாவில், எல்லார் முன்னாலும்— “எங்கம்மா வெள்ளி டப்பி பீடி சுத்துற வூட்டுக்கா போவணும்?”

பீடி சுற்றித்தான் என் அம்மா எங்களை வளர்த்தாள்.

15.10.2025
கழுவினேன். தேய்க்கத் தேய்க்க அந்தக் காலத்துக் கல்யாண வீடுகள்தான் கண்ணில் நின்றன. மண்டிக்காரர் வீட்டுப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். மாமியார் மூடியை ஒரு தட்டு தட்டித் திறப்பார். டப்பி மடி மடியாக நகரும். யாரிடம் நிற்கிறது, யாரைத் தாண்டுகிறது என்பதிலேயே எல்லார் கண்ணும். மற்றவர்களுக்குத் தகர டப்பாப் பொடி. ரிஷிவந்தியத்தில் பீடி சுற்றுகிற வீட்டிலிருந்து வந்த புதுப்பெண் நான், மருமகளாகியும் என்னைத் தாண்டியே போகும்.

ஒரு கல்யாணத்தில் அண்ணி அதைப் பிடித்து நிறுத்தி என் மடியில் வைத்தார். “எடு மெஹ்ராஜ். யாரு இன்னா சொல்லிடுவாங்க?” நான் போட்ட தும்மலில் முக்காடே நழுவிவிட்டது. அண்ணி சிரித்த சிரிப்பு!

அதே வாயா பீடி சுத்துற வீடு என்று சொன்னது? அதே வாய்தான்.

18.10.2025
வீட்டுக்காரர் வேண்டாமென்றார். மூங்கில்துறைப்பட்டுக்குப் போனேன். அண்ணி பாதியாக இளைத்திருக்கிறார். அவருடைய வீட்டுக்காரர் மௌத்தானதிலிருந்து தனியாகத்தான் இருக்கிறாராம். டப்பியைக் கையில் வைத்தேன். திறந்து முகர்ந்தார்.

“அம்மா வாசனை கொஞ்சங்கூட இல்லியே.” அழுதார். “அன்னிக்கு அப்பிடிச் சொல்லிட்டேன். நீ திருப்பி ரெண்டு வார்த்தை திட்டியிருந்தா எனக்கு ஆறிப்போயிருக்கும்.”

“எவ்ளோ திட்டு சேத்து வச்சிருக்கேன் தெரியுமா அண்ணி? உக்காந்து கேட்டா ஒரு நாள் பத்தாது.”

“அப்ப வந்து தங்கிக் கேக்கறேன்.”

டப்பியை அங்கேயே விட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

2.11.2025
அண்ணி இங்கே வந்து ஒரு வாரமாகிறது, ஊருக்குப் போகிற பேச்சையே எடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை. இன்று மீன் குழம்பில் உப்பு ஜாஸ்தி என்றார். கம்மி என்றேன். மதியம் வரை பேச்சில்லை. அப்புறம் அவரே அடுப்படிக்கு வந்து, “நாளைக்கு நெத்திலி வாங்கலாமா?” என்றார்.